முதல் மாதம் மீன் வேண்டாம்

(புதுக்கோட்டையில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "முதல்ல சின்னதா ஒண்ணு வெச்சுப் பழகிட்டு, அப்புறம் பெருசுக்குப் போகலாமா?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. சைக்கிள் பழகிவிட்டு மோட்டார் சைக்கிளுக்குப் போகிறோம் அல்லவா? ஆனால் மீன் தொட்டியில் கணக்கு தலைகீழ். சின்னத் தொட்டிதான் கஷ்டம். பெரிய தொட்டிதான் புதியவருக்கு ஏற்றது. கண்ணாடிக் குவளையில் ஒற்றைத் தங்கமீனை விட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறார்கள். ஒரு வாரத்தில் மீன் மிதக்கிறது. "நமக்கு ராசியில்லை" என்று குவளையைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தண்ணீர் போதவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து லிட்டர் தண்ணீரில் நாலு உருண்டைத் தீனி மிஞ்சி அழுகினால் அந்தத் தண்ணீர் முழுக்கக் கெட்டுவிடும். அதே நாலு உருண்டை இருநூறு லிட்டரில் அழுகினால் மீனுக்குத் தெரியவே தெரியாது. சித்திரை மாத மத்தியானத்தில் குவளைத் தண்ணீர் அறையின் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும். பெரிய தொட்டி மெதுவாகச் சூடேறி, இரவில் மெதுவாக ஆறும். நாம் செய்கிற தவறுகளைத் தாங்கிக்கொள்ள அவகாசம் தருவது தண்ணீரின் அளவுதான். அனுபவசாலிக்கு அந்த அவகாசம் அவ்வளவாகத் தேவையில்லை, புதியவருக்குத் தேவை.

இதை வேறு ஊரில் சொன்னால் நிறைய விளக்க வேண்டியிருக்கும். இங்கே வேண்டாம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ள மாவட்டம் இது. பங்குனி, சித்திரையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். பொன்னமராவதிப் பக்கமும் அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கமும் மீன் பிடிக்கும் ஊத்தாவும் கச்சாவும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சனம் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது மீன் எங்கே கிடக்கும்? கண்மாயின் ஆழமான பள்ளத்தில். ஓரத்தில் தேங்கிய சின்னக் குட்டையில் இருந்தது எல்லாம் அதற்கு முன்பே செத்திருக்கும், அல்லது கொக்குக்குப் போயிருக்கும். தண்ணீர் குறையக் குறைய மீனின் ஆயுளும் குறையும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

கண்மாயை இன்னொரு காரணத்துக்காகவும் இழுக்கிறேன். கண்மாய்க்கு வரத்துக்கால் உண்டு, மழைக்குப் புதுத் தண்ணீர் வரும். மடை உண்டு, வயலுக்குப் பாயும். கலுங்கு உண்டு, மிஞ்சியது வழியும். கோடையில் காயும், வண்டலை அள்ளி வயலில் கொட்டுவோம். உள்ளே வந்தது எல்லாம் ஏதோ ஒரு வழியில் வெளியே போகிறது. உங்கள் கூடத்தில் வைக்கப்போகும் கண்ணாடித் தொட்டிக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. வரத்தும் நீங்கள்தான், கலுங்கும் நீங்கள்தான். மீன் தொட்டி பராமரிப்பு என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருப்பதெல்லாம் இந்த வேலைதான்.

சரி, எவ்வளவு பெரியது? முதல் தொட்டிக்கு நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்பது நல்ல அளவு. விளிம்புவரை நிரப்பினால் 255 லிட்டர் பிடிக்கும். மணல் போட்டு, மேலே இரண்டு அங்குலம் விட்டால் 200 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி போதும். கண்ணாடி மட்டுமே ஐம்பது கிலோ வரும், தண்ணீர் இருநூறு கிலோ, மணல் நாற்பது நாற்பத்தைந்து கிலோ. ஆக முந்நூறு கிலோ, வெறும் ஆறு சதுர அடியில். வீட்டு மேசையிலோ டிவி ஸ்டாண்டிலோ இதை வைக்க நினைக்காதீர்கள். இரும்புச் சட்டத்தில் ஸ்டாண்டு அடியுங்கள், ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள், தொட்டிக்கடியில் தெர்மாகோல் விரியுங்கள். அடியில் ஒரு கடுகளவு கல் இருந்தாலும் அந்தப் புள்ளியில் கண்ணாடி விரிசல் விடும். மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி, உத்திரத்துக்கு மேலாக வையுங்கள். கட்டிய கொத்தனாரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள்.

வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம், பத்து நாளில் கண்ணாடி பச்சையாகிவிடும். பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. ஒயர் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கும், அது பிளக்கை அடையும் முன் தரையில் விழும்படி ஒயரை ஒரு வளைவு தாழத் தொங்கவிட வேண்டும். கையை உள்ளே விடும்போது சுவிட்சை அணையுங்கள். தொட்டியில் கைவிட்டு விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மின்கசிவுத் தடுப்பான் இல்லாமல் தொட்டி வைக்கவே கூடாது என்பது என் கட்சி.

இனி தண்ணீர். புதுக்கோட்டை நகரத்துக்குக் குழாயில் வருவது காவிரி. குடிக்க நல்ல தண்ணீர், ஆனால் அதில் குளோரின் இருக்கும். குளோரின் மீனின் செவுளை எரிக்கும். வாளியில் பிடித்து ஒருநாள் திறந்து வைத்தால் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின். அதில் உள்ளது பெரும்பாலும் பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று வைத்திருந்த அதே உப்புதான்.

போர் தண்ணீர் வேறு கதை. பாறைக்கடியிலிருந்து வருகிறது. சோப்பு நுரைக்காது, குழாயில் வெள்ளை படியும். இப்படிப்பட்ட கடினத் தண்ணீரை மருந்து ஊற்றி மாற்றுவதற்குப் பலரும் பணத்தைக் கரைக்கிறார்கள். தண்ணீரை மாற்றாதீர்கள், மீனை மாற்றுங்கள். மோலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், கப்பி எல்லாம் கடினத் தண்ணீரில் சுகமாக இருக்கும். அமேசான் காட்டு ஓடையின் மென்மையான தண்ணீருக்குப் பிறந்த கார்டினல் டெட்ராவை நம் போர் தண்ணீரில் விட்டுவிட்டு, அது ஏன் வாடுகிறது என்று கேட்கக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் மொட்டைமாடி மழைநீர் கிடைக்கும். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டு, பல வீடுகளில் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. முதல் மழையைக் கழுவிப் போகவிட்டு, அடுத்த மழையைப் பிடித்துப் போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் அருமையான தண்ணீர்.

மணலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கட்டட வேலையில் மிஞ்சிய ஆற்றுமணலைச் சலித்து, கலங்கல் நிற்கும்வரை அலசுங்கள். எம்-சாண்டு கூர்மையானது, தரையைக் கிளறித் தின்னும் மீனின் வாயைக் கிழிக்கும். கல் வைக்க ஆசையென்றால் அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, வெளியே போடுங்கள். நம்மூர்க் கருங்கல் நுரைக்காது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். தொட்டி வந்துவிட்டது, தண்ணீர் நிரப்பியாயிற்று, ஃபில்டர் ஓடுகிறது, விளக்கு எரிகிறது. வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், மீன் எங்கே? ஒரு மாதம் பொறுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலான தொட்டிகள் தோற்கின்றன.

மீன் சுவாசித்தும் கழித்தும் வெளியேற்றுவது அம்மோனியா. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவேதான். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இது மிக அதிகமானால்தான் கெடுதல், செடிக்கு உரம். இந்த இரண்டு கூட்டமும் கடையில் தொட்டியோடு வருவதில்லை. தாமாக வந்து, ஃபில்டர் ஸ்பான்ஜிலும் மணலிலும் ஒட்டிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். கடைக்காரர்கள் 'டேங்க் சைக்கிள் ஆகணும்' என்று சொல்வது இதைத்தான். தெரிந்த கடைக்காரராக இருந்தால் சொல்வார். தெரியாதவர் தொட்டியோடு அன்றைக்கே இருபது மீனையும் கட்டிக் கொடுத்துவிடுவார்.

இந்த விஷயத்தில் ஒரு அப்பா பிள்ளை கதை எனக்கு மிகவும் பிடிக்கும். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீனையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் வளர்த்தார். செடியின் பழுத்த இலை அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850-இல் இதை வேதியியல் சங்கத்தின் இதழில் எழுதினார். செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வீட்டுத் தொட்டிகளுக்குப் பரவியது. ஆனால் அவருக்குத் தெரியாத நான்காவது ஆள் ஒன்று அந்தத் தொட்டியில் இருந்தது. அதே பெயர்கொண்ட அவர் மகன் பிற்காலத்தில் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் உட்கார்ந்து, மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது இரண்டு படிகளில், இரண்டு வேறு உயிர்களால் என்று காட்டினார். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. 1890 வாக்கில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். அப்பாவின் தொட்டியில் நடந்ததை மகன் வயல் மண்ணில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். நாமும் கண்மாய் வண்டலை வயலில் போட்டவர்கள்தான்.

மீன் இல்லாத அந்த மாதத்தில் என்ன செய்வது? நாளுக்கு ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போடுங்கள். அது அழுகி அம்மோனியாவாகி, நுண்ணுயிருக்கு உணவாகும். நன்றாக ஓடுகிற தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவர் ஃபில்டர் ஸ்பான்ஜில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் செருகுங்கள், நாட்கள் பாதியாகக் குறையலாம். ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் சுழியத்துக்கு வந்து நிற்கும் நாள்தான் மீன் வாங்கும் நாள். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் கிட்டையும் பாருங்கள்.

போர் தண்ணீர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனி எச்சரிக்கை. தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சான வடிவில் இருப்பதில்லை. 30 டிகிரி சூட்டில், தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சில்லை. அதே சூட்டில் பி.எச். 8 என்றால் நூற்றில் ஏழு பங்குக்கு மேல். ஒரே அளவு அம்மோனியா, ஒன்பது பத்து மடங்கு ஆபத்து. நம்மூரில் சூடும் கூடுதல், பல போர்களில் பி.எச்.சும் கூடுதல். குளிர்நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு 'கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை' என்று விட்டுவிட முடியாது.

சூட்டால் இன்னொன்றும் நடக்கும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் பிடிக்கும். மீனுக்கோ சூட்டில் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. அதனால் கடையில் ஹீட்டரைக் கட்டாயப்படுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் ஊருக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. அந்தக் காசில் நல்ல ஏர் பம்ப் வாங்குங்கள். ஃபில்டர் மணிக்கு ஆயிரம் லிட்டர் சுற்றுவதாக இருக்கட்டும். கத்திரி வெயிலில் தொட்டி மேல் ஒரு சின்ன விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் ஆவியாகும், ஆனால் உப்பு ஆவியாகாது. குறைந்ததற்குப் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும், வற்றுகிற கண்மாயில் நடப்பது போல. ஊற்றினால் மட்டும் போதாது, எடுக்கவும் வேண்டும்.

அதாவது கலுங்கு வேலை. வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். ஐம்பது லிட்டர், பிளாஸ்டிக் குடத்தில் மூன்றரைக் குடம். ஒரு டியூப் போட்டு உறிஞ்சி, மணலின் மேல் கிடக்கும் அழுக்கையும் சேர்த்து எடுங்கள். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் கறிவேப்பிலைக்கோ வாழைக்கோ ஊற்றுங்கள், அதில் நைட்ரேட் இருக்கிறது. ஃபில்டர் ஸ்பான்ஜை இந்தத் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் ஒரு மாதம் காத்திருந்து வளர்த்த நுண்ணுயிர் முழுவதையும் குளோரின் கொன்றுவிடும். மாதத்துக்கு ஒருமுறை மீனை வாளியில் பிடித்துப் போட்டுவிட்டுத் தொட்டி முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தம் விரும்பிகள்தான். அவர்கள் தொட்டியில்தான் மீன் அதிகம் சாகிறது.

கரண்ட் போவதைப் பற்றி இந்த மாவட்டத்தில் பேசாமல் இருக்க முடியாது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தது. ஆலங்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் தென்னையும் பலாவும் சாய்ந்ததும், கம்பங்கள் முறிந்து பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததும் மறக்கக்கூடியதா? அந்த நாட்களில் மீன் தொட்டியை நினைக்க யாருக்கும் மனமிருந்திருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சாதாரண ஆறு மணி நேர மின்தடைக்கும் ஆயத்தம் வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுங்கள், காற்று கலக்கும். கரண்ட் இல்லாதபோது தீனி போடாதீர்கள். மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால் உள்ளே நுண்ணுயிர் மூச்சுத்திணறிச் செத்து அழுகியிருக்கும். கரண்ட் வந்ததும் அப்படியே ஓடவிடாமல் அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

இனி மீன். சித்தன்னவாசல் குகையின் கூரையில் தாமரைக்குளம் தீட்டியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டு ஓவியம். மீன், தாமரை, பறவை, எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் ஒரே குளத்தில். ஓவியத்தில் யானையையும் சேர்க்கலாம். தொட்டியில் சேர்க்கக் கூடாது. கடையில் விரல் நீளத்தில் 'ஷார்க்' என்று விற்பது ஒரு மீட்டரைத் தாண்டி வளரும் பங்காசியஸ். 'பிரானா' என்று விற்பது பெரும்பாலும் பாக்கு. அதுவும் பெரிய மீன். ஆஸ்கர் ஓரடிக்கு வளர்ந்து சின்னதை எல்லாம் விழுங்கும். வாஸ்துவுக்கென்று ஃப்ளவர்ஹார்ன் வாங்குகிறார்கள். 1990-களில் மலேசியாவில் கலப்பினம் செய்து உண்டாக்கிய மீனுக்கு நம் வாஸ்து எப்படித் தெரியும் என்று எனக்கு விளங்கவில்லை. வாங்குங்கள், ஆனால் அது தனியே இருக்க வேண்டிய சண்டைக்காரன்.

முதல் தொட்டிக்கு ஆறு பிளாட்டி, ஆறு மோலி, கூட்டமாகத் திரியும் பார்ப் வகை எட்டு. இதற்கு மேல் ஆறு மாதம் எதுவும் வேண்டாம். இவற்றையும் ஒரே நாளில் விடாமல், வாரத்துக்கு ஒரு கூட்டமாக விடுங்கள். கவரை அரைமணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராகக் கவருக்குள் ஊற்றிப் பழக்கி, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே தீனி. சென்னைக் கொளத்தூரில் வீட்டுக்கு வீடு சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ணமீன் வளர்க்கிறார்கள், நம் கடைகளுக்கும் அங்கிருந்து நிறைய வருகிறது. அங்கே வளர்ந்த மீன் நம் சூட்டுக்குப் பழகியது.

நம் கண்மாய் மீனையே வளர்க்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. அயிரை மணலில் புதைந்து எட்டிப் பார்க்கும் அழகுக்கு எந்த வெளிநாட்டு மீனும் ஈடில்லை. குழம்புக்கு வாங்கும் உயிர் அயிரையில் நாலைந்தை எடுத்து வையுங்கள், வீட்டில் திட்டு விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு. பனையேறிக் கெண்டை வளர்ப்பதாக இருந்தால் மூடி கட்டாயம். அது காற்றையும் சுவாசிக்கும், தரையிலும் நகரும். டேனியக் கம்பெனியின் டால்டார்ஃப் என்ற அதிகாரி தரங்கம்பாடியில் இந்த மீன் பனைமரத்தில் ஏறக் கண்டதாக எழுதியது 1797-இல் லண்டனில் அச்சாகி, நூறாண்டுக்கு மேல் அறிஞர்கள் சண்டை போட்டார்கள். ஏறுமோ ஏறாதோ, உங்கள் சோபாவுக்கடியில் போய்விடும்.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. வளர்ந்துவிட்ட மீனையோ அலுத்துப்போன மீனையோ கண்மாயில் கொண்டுபோய் விடாதீர்கள். புண்ணியம் என்று நினைத்துச் செய்கிறார்கள். இன்றைக்கு எந்தக் கண்மாயில் வலை போட்டாலும் ஜிலேபி ஏறுகிறதே, அது இந்த மண்ணின் மீன் அல்ல. ஆப்பிரிக்க மீன், 1952-இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். நாட்டுக் கெண்டையின் இடத்தை அது எப்படிப் பிடித்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தொட்டிக் கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கும் 'டேங்க் கிளீனர்' மீன் சென்னை, மதுரைப் பக்கத்து ஏரிகளில் ஏற்கெனவே பெருகிவிட்டது. முள்ளும் கவசமுமாக வலையைக் கிழிக்கிறது, தின்னவும் ஆளில்லை. அதனால் மீன் வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள்: "இது பெரிசாயிட்டா நீங்க திரும்ப எடுத்துக்குவீங்களா?" எடுக்கமாட்டேன் என்றால் வேறு மீனைக் காட்டச் சொல்லுங்கள்.